தற்போதைய பயன்பாடு

மாவட்ட மன்றம் கொடுத்த படிவத்தில் ஏழு கட்டங்கள்.
பெயர், ஆண்டு, கட்டியவர், உயரம், அகலம், நிலைமை.
கடைசியில் தற்போதைய பயன்பாடு.

அளவுநாடாவின் ஒரு முனை நோர்லைலா கையில்,
மறுமுனை என் கையில்.
ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்.
சுங்கை ஜெரிங்கின் ஒரே தெருவை
எட்டு மணிக்கு அளக்கத் தொடங்கினோம்.

ரயில் நிலையம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போன பிறகும்
நடைமேடை விளிம்பில் மஞ்சள் கோடு
தள்ளி நில் என்கிறது.
ஓர் உடும்பு அதன்மேல் வெயில் காய்ந்தது.
பயன்பாடு: இல்லை.

மணிக்கூண்டுக்கு நான்கு முகம், நான்கு நேரம்.
எதைப் படமெடுக்க என்றாள்.
கோப்பிக்கடையைப் பார்க்கும் முகத்தை என்றேன்.
பசி அந்தப் பக்கம்தான் இருந்தது.

சன் லீ தியேட்டரின் டிக்கெட் சன்னல்களைத்
தவுக்கே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.
கூரையடியில் ஒலிபெருக்கி
இரவு பகலாய் உழவாரக் குருவியின் குரலை ஓட்டுகிறது.
பதிவுசெய்த குரலை நம்பி
நிஜக் குருவிகள் உள்ளே போகின்றன.
அரை டிக்கெட்டில் நானும்
அப்படித்தான் போனேன்.
எச்சில் கூடு கிலோ மூவாயிரம் வெள்ளி.
நோர்லைலா 'வாணிபம்' என்று எழுதினாள்.

கிளப் வாசலில் நினைவுக்கல்.
நான்கு துரைமார், நான்கு பதவிகள், ஒரு சிலுவை.
கீழ்ப்பாதி வழவழவென்று ஒன்றுமில்லாமல்.
இங்கிருந்து சயாமுக்கு லோரி ஏறியவர்கள்
எத்தனை பேரோ.
அந்த வெறும் இடத்தையும் அளந்தேன்:
எழுபது சென்டிமீட்டர்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
குறித்துக்கொண்டாள், ஓரத்தில், பென்சிலால்.

புகைவீட்டுக் கதவைத் தள்ளியதும் தும்மினாள்.
பால் உறிஞ்சிய மரங்கள் போய்ச்
செம்பனை வந்து நாற்பது வருடம்;
புகைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
சுவரில் ஒரு செங்கல்,
ஈரமாய்க் கிடந்தபோது அதில் நடந்துபோன
நாயின் கால்தடம் அப்படியே.
'கட்டியவர்' கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு 'கம்பெனி' என்றே எழுதினோம்.

மூன்று மணிக்கு லயத்து மேடு.
தூங்குமூஞ்சி மரத்தில் சங்கிலியால் கட்டித் தொங்கும்
தண்டவாளத் துண்டு ஒன்று.
அதன் கீழே புல் முளைக்காத தரை.
இது கட்டடமில்லையே என்றாள்.
பெரட்டு களம் என்றேன்.
விடியுமுன் பேர் வாசிப்பார்கள்,
இருந்தால் ஐயா என்று குரல் கொடுக்க வேண்டும்,
இல்லாவிட்டால் அரைநாள் கூலி போகும்.
நான் எல்லாவற்றையும்
இறந்தகாலத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என நினைக்கிறேன்,
அவள் மொழியில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது.

நீளம் அறுபத்திரண்டு. உயரம்: தொங்குகிறது.
சத்தம் வருமா?
கீழே கிடந்த போல்ட்டை எடுத்து அடித்தேன்.
இரண்டு தரம்.

ஐந்தாம் வீட்டுக் கதவு திறந்தது.
பொத்தான் போடாத சட்டை,
ஒரு காலில் ரப்பர் பூட்ஸ்,
கையில் தலைவிளக்கு.
அவன் பின்னால் இன்னும் மூன்று பேர்.
லோம்போக்கிலிருந்து வந்தவர்கள்.
ஓடிவந்து
யாரும் சொல்லாமலே வரிசையாய் நின்றார்கள்.

இன்றைக்கு ஞாயிறுதானே, மண்டோர் லீவு என்றாரே?

என் கையில் தாள் இருந்தது.
அதைப் பார்த்து முதலாமவன் பேரைச் சொன்னான்: மர்ஸுகி.
அடுத்தவன் சுபாண்டி.
மூன்றாமவன் வாயைத் திறப்பதற்குள்
நோர்லைலா குறுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள்,
மன்றம், படிவம், பழைய சின்னங்கள் என்று
ஏதேதோ விளக்கினாள்.
சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

துண்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.
உள்ளங்கையால் பொத்தி நிறுத்தினேன்.

கடைசிக் கட்டத்தில் அவள் எழுதினாள்:
திங்கள் முதல் சனி வரை, காலை ஐந்தரை.
நிலைமை: நன்று.

வண்டி திரும்பும்போது பார்த்தேன்,
மர்ஸுகி படியில் உட்கார்ந்திருந்தான்,
அந்த ஒற்றை பூட்ஸைக்
கழற்றலாமா என்று எங்களைப் பார்த்தபடி.